மாப்பிள்ளைக்கு விருப்பமான படம்

2023 ஓகஸ்ட் 12, சனிக்கிழமை. சுபஹுத் தொழுதுவிட்டு வந்து வாசலில் நிற்கும் இரண்டு மாதுளைக் கன்றுகளுக்கும் தண்ணீர் ஊற்றினேன். மேற்கேயிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் ஊற்றிய ஈரம் மத்தியானம் வரைதான் தாங்கும். அதனால் பின்னேரம் அசர் தொழுத பிறகு இன்னொரு முறையும் ஊற்றுவேன். அதன்பின் கடற்கரை வீதிக்கு நடந்துபோய்ச் சூடை மீன் வாங்கி வந்தேன். மனைவிக்குத் தடிமன் காய்ச்சல். மீனை நானே துப்புரவு செய்து, அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். நில அளவையாளர் ஒருவரின் அலுவலகத்தில் வரைபடம் கீறுவது என் தொழில். சனிக்கிழமைகளில் அரைநாள் வேலை. பென்சில்களைத் தீட்டி வைத்துவிட்டு, ஒரு வயல்காணியின் எல்லைகளை மையால் கீறி முடித்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு தங்கச்சியின் வளவுக்குப் போனேன். அவளுடைய ஒரே மகளுக்காக வளவின் கிழக்குப் பக்கம் வீடு கட்டுகிறார்கள். அதன் படம் நான் கீறியது. கட்டு வேலையெல்லாம் முடிந்து முன்கதவு மட்டும் பாக்கி. நிலை வைத்தாகிவிட்டது. கதவு தச்சுப் பட்டறையில் தயாராகக் கிடந்தது. பூட்டு வேலைகளைப் பற்றிக் கேட்பதற்காகத் தச்சர் வந்திருந்தார்.

"உள்ளுக்குத் தாழ்ப்பாள் போதும்" என்றாள் தங்கச்சி.

"வெளியால ஆமைப்பூட்டு தொங்க உட ஒரு கொண்டி அடிச்சி உடவா?"

"என்னத்துக்கு? பூட்டிப் போட்டுட்டு அவங்க எங்க போகப் போறாங்க? நான் இவடத்ததானே இரிக்கன்."

தச்சர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் நிலையின் உயரத்தை அளந்து பார்த்தேன். படத்தில் இருந்த அளவுதான்.

அன்று மாலைக்கு வைத்திருந்த வேலை எங்கள் குடும்பத்துக்குப் புதியது. தங்கச்சியின் மகளான என் மருமகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளைக்கு மிகவும் விருப்பமான சினிமாப் படத்தை நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தது.

இது இப்படி வந்தது. முந்திய வாரம் மாப்பிள்ளை தன் தாய் தகப்பனோடு பாலமுனையிலிருந்து வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் தங்கச்சி அடுப்படிக் கதவோரம் நின்று, "தம்பிக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே கருத்துத்தான் உண்டு. அடுத்த முறை வரும்போது என்ன சமைக்க வேண்டும் என்பது அது. கணவாய் என்று சொல்லலாம், மாட்டிறைச்சி என்று சொல்லலாம், வெட்கமாக இருந்தால் எது என்றாலும் சரி என்று சொல்லலாம். இந்தப் பிள்ளை கொழும்பில் விளம்பரப் படங்களைக் கணினியில் வெட்டி ஒட்டும் வேலை பார்ப்பவர். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு வெளிநாட்டுப் படத்தின் பெயரைச் சொன்னார்.

"கொஞ்சம் இருட்டான படம் மாமி. ஆனா காதல் கதைதான். முழுக்க ரோட்டுலதான் போகும்."

அவருடைய தாய் நிலத்தைப் பார்த்தார். என்னுடைய மச்சான், அதாவது தங்கச்சியின் கணவர், இருமினார். தங்கச்சி மட்டும் முகம் மாறாமல், "நல்லது தம்பி" என்றாள். அவர்கள் போன பிறகு ஆளுக்காள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"விருப்பத்தக் கேட்டது நாம. கேட்டுட்டுச் செய்யாம உடுற எப்புடி?"

அதற்கு மேலும் ஒரு காரணம் அவளுக்கு இருந்தது. மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்க வேண்டிய இடங்களில் எல்லாம் கேட்டிருந்தோம். பாலமுனைப் பள்ளிவாசலில், படித்த பள்ளிக்கூடத்தில், கொழும்பில் அவர் தங்கியிருக்கும் அறைக்குக் கீழே உள்ள கடையில். எல்லோரும் நல்லதே சொன்னார்கள். ஒன்றை மட்டும் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகு அவர் எங்கே இருப்பார் என்பது அது.

எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் வந்து இருப்பார். நானும் கலியாணம் முடித்த நாளிலிருந்து என் மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் வாப்பா எழுந்து போயிருப்பார். கேட்பதே, நாங்கள் சந்தேகப்படுகிறோம் என்று சொல்வது. ஆனால் கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள், கட்டிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்று தங்கச்சிக்குத் தெரியும். மகள் தூரமாகப் போவதாக இருந்தால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பது அவளுடைய முடிவு. மகளோ வாய் திறக்கவில்லை. இதற்கு முன் வந்த இரண்டு பேரை வேண்டாமென்று சொன்னவள், இவரை வேண்டாமென்று சொல்லாமல் இருந்தாள். அதையே நாங்கள் சம்மதமாக எடுத்திருந்தோம். மறுநாள் ஞாயிறு மத்தியானம் லுஹர் தொழுத பிறகு நான் பாலமுனைக்குத் தொலைபேசி எடுத்து எங்கள் பதிலைச் சொல்ல வேண்டும். அதற்குள் மாப்பிள்ளையின் உள்மனதை அறிய வேறு வழி இல்லாததால், அவருக்கு விருப்பமான படத்திலிருந்து அறியலாம் என்று தங்கச்சி எண்ணினாள்.

மாலையில் மஃரிப் தொழுத பிறகு புது வீட்டின் மண்டபத்தில் கூடினோம். மேற்குச் சுவருக்கு வெள்ளை மட்டும் அடித்திருந்தார்கள். மருமகள் தன் தோழியின் டியூட்டரியிலிருந்து மல்டிமீடியா புரொஜெக்டரை இரவல் வாங்கி வந்து, பிளாஸ்டிக் கதிரை ஒன்றின் மேல் வைத்து, படத்தைச் சுவரில் விழுத்தினாள். படத்தின் அடியில் ஆங்கில எழுத்து ஓடும். மருமகள் ஆங்கில ஆசிரியை. அவள் அதைத் தமிழில் உரத்துச் சொல்லிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. எங்களில் ஆங்கிலம் வாசிக்கக்கூடிய மற்ற ஆள் நான் மட்டும்தான்.

பார்க்க வந்தவர்கள்: தங்கச்சி, மச்சான், எங்கள் மூத்த சகோதரியான ராத்தா, நான். ராத்தா பிளேன்ரீ நிரப்பிய ஃபிளாஸ்க்கோடு வந்தார். வீரமுனைக்கு அப்பால் உள்ள வயலில் அன்று அறுவடை மெசின் இறங்கியிருந்ததால் மச்சான் களைத்துப்போய் வந்து, சுவரோரம் பாயில் சாய்ந்தார். பக்கத்து வளவுக்காரர் வெளிச்சத்தைக் கண்டு எட்டிப் பார்த்து, அவரும் ஒரு கதிரையில் உட்கார்ந்தார்.

கதையை என்னால் முடிந்த அளவு ஒழுங்காகச் சொல்கிறேன். ஒருவன் நீளமான கறுத்த கார் ஒன்றை ஆளில்லாத வீதியில் ஓட்டிப் போகிறான். பெற்றோல் செட் ஒன்றில் நிறுத்தும்போது, பின் இருக்கையில் பச்சை உடுப்புப் போட்ட பெண் ஒருத்தி இருப்பதைக் காண்கிறான். அவள் தலைமயிர் நனைந்திருக்கிறது. அவன் ஒன்றும் கேட்காமல் ஓட்டுகிறான். அவர்கள் நிறுத்தும் ஒவ்வொரு ஊரிலும் அவளுக்கு ஒரு சொல் மறந்துபோகிறது. ஒரு ஊரில் உப்பு என்ற சொல். அடுத்த ஊரில் தாய் என்ற சொல். அவன் சொல்லிக் கொடுக்கிறான். அவள் திருப்பிச் சொல்லப் பார்க்கிறாள், வாயில் வரவில்லை. இடையில் காருக்குள்ளே மட்டும் மழை பெய்கிறது. அவள் குடையை விரிக்கிறாள். சப்பாத்துப் போட்ட குதிரை ஒன்று வீதியைக் கடக்கிறது. காரணம் சொல்லப்படவில்லை.

பெண்ணைக் கண்ட உடனேயே ராத்தா தீர்ப்புச் சொன்னார்.

"இவ மவுத்தானவ."

"சும்மா இரிங்க பெரியும்மா" என்றாள் மருமகள். "கதைக்கிறா, சிரிக்கிறா."

"தலையப் பாருகா. வெயிலுக்குள்ள போறாங்க, காத்தடிக்குது, தலை காயவே இல்ல. குளிப்பாட்டின மையத்துக்குத்தான் அப்புடி இரிக்கும். நான் எத்தின மையத்துக் குளிப்பாட்டியிரிக்கன்."

ராத்தா ஊரில் இறந்துபோன பெண்களின் மையத்துகளைக் குளிப்பாட்டப் போகிறவர். மச்சான் பாயில் இருந்தபடி, "அப்ப மையத்த வச்சிக்கிட்டு இவன் ஏன் ஊர் சுத்துறான்?" என்று கேட்டார். "இந்த ஊருகள்ல அடக்குறத்துக்கு ஆக்கள் இல்லையா? ஒரு பள்ளிவாசல் கூடவா இல்ல?"

"அதான் தேடிப் போறான் போல" என்றார் ராத்தா.

பக்கத்து வளவுக்காரர், சண்டை எப்போது வரும் என்று இரண்டு முறை கேட்டார். இரண்டாவது முறை ராத்தா திரும்பி, "படம் முடிஞ்ச பொறகு, ஒங்கட ஊட்டுல வரும். பொஞ்சாதி தேடுறா" என்றார். அவர் சிரித்துக்கொண்டு எழுந்து போனார்.

என்னுடைய கவலை வேறாக இருந்தது. கார் எந்தத் திசையில் போகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. காலையில் சூரியன் இடப்பக்கம் இருந்தது. ஆகவே தெற்கே போகிறார்கள். அடுத்த காட்சியில், அதே காலையில், சூரியன் வலப்பக்கம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் ஒருவன் காலையில் கடல் இடப்பக்கம் இருப்பதைக் காண்பான். அது வழியில் மாறாது. இதைச் சொன்னேன்.

"தம்பி, நீ கீறுற படத்துலதான் வடக்கு தெற்கு போடுவாங்க" என்றார் ராத்தா. "இது காதல் படமாம். பாரு."

தங்கச்சி பாயின் நுனியில் நேராக உட்கார்ந்து, காரோட்டுகிறவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிடும்போது அவளுக்கு முதலில் கொடுக்கிறானா, கோபம் வந்தால் என்ன செய்கிறான், காரைப் பின்னுக்கு எடுக்கும்போது திரும்பிப் பார்க்கிறானா. ஒருமுறை அவன் வீதியோரத்தில் நிறுத்தி, அவள் காலில் ஏறிய முள்ளை எடுத்துவிட்டான். தங்கச்சி மெதுவாக, "நல்ல புள்ள" என்றாள். அது படத்தில் வந்தவனையா பாலமுனைப் பிள்ளையையா என்று தெரியவில்லை. அவளுக்கு இருவரும் ஒரு ஆளாகிக்கொண்டு வந்தார்கள்.

மூன்றாவது ஊரில் அந்தப் பெண் வாய் திறந்து எதையோ சொல்ல முயன்று நின்றாள். அடியில் ஓடிய எழுத்தை நான் வாசித்தேன். அவளுக்கு மறந்துபோன சொல் வீடு. அவன் காரின் கண்ணாடியில் விரலால் சதுரம் கீறி, மேலே கூரை கீறிக் காட்டினான். அவள் தலையை ஆட்டவில்லை. மருமகள் அந்த இடத்தில் கொஞ்சம் தாமதித்து, "ஏதோ ஒரு சாமான்ட பேர் மறந்து போச்சாம்" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியைக்குத் தெரியாத சொல் அல்ல அது. ஆங்கிலத்தில் மாணவர்கள் முதலில் படிக்கும் சொற்களில் ஒன்று.

இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் படத்தை நிறுத்தினோம். பெண்ணின் முகம் சுவர் முழுக்க, கண் பாதி மூடியபடி நின்றது. முன்கதவு இல்லாததால் ஒழுங்கையில் போகிறவர்களுக்கும் அது தெரிந்தது. சைக்கிளில் போன ஒருவர் கால் ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போனார். ராத்தா எழுந்து, "இந்த மூஞ்சிக்கு முன்னால தொழ ஏலா" என்று பழைய வீட்டுக்குப் போனார். நாங்கள் பள்ளிவாசலுக்குப் போய்த் திரும்பியபோது தங்கச்சி மல்டிமீடியாவின் கண்ணில் ஒரு துவாயைப் போட்டு மூடியிருந்தாள். பிளேன்ரீ குடித்துவிட்டுத் தொடங்கினோம். மச்சான் பத்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டார்.

கடைசிப் பகுதியில் வீதி கடலில் முடிகிறது. மணலில் ஒரு கதவு தனியாக நிற்கிறது. நிலை உண்டு, கதவு உண்டு, சுவர் இல்லை, கூரை இல்லை. அந்தப் பெண் காரிலிருந்து இறங்கிக் கதவைத் திறந்து உள்ளே காலை வைத்து, திரும்பி அவனிடம் ஏதோ சொல்கிறாள். அவன் அழுகிறான்.

"என்னகா சொல்றா?" என்றாள் தங்கச்சி.

மருமகள், "வாங்க, இதுதான் எண்ட ஊடு எண்டு சொல்றா" என்றாள்.

அடியில் அப்படி இருக்கவில்லை. நான் இதோடு நிற்கிறேன் என்றுதான் இருந்தது. வீடு என்ற சொல் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. அவள் அதை மூன்றாவது ஊரில் மறந்துவிட்டாள். வாங்க என்ற அழைப்பும் இல்லை. பிழை கண்டால் உடனே சொல்லிவிடுவது என் பழக்கம். அலுவலகத்தில் அதற்காக என்னைப் பகிடி பண்ணுவார்கள். ஆனால் மருமகள் இரண்டு கையையும் மடியில் இறுக்கிப் பிடித்திருந்ததைக் கண்டேன். இது பிழையல்ல என்று விளங்கியது. நான் வாய் திறக்கவில்லை.

சுவரில் அவன் கண்ணைத் துடைத்து, சப்பாத்துகளைக் கழற்றிக் கதவுக்கு வெளியே சோடியாக வைத்துவிட்டு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. கார் தனியாக நின்றது. படம் முடிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் தங்கச்சி. அவள் முகம் தெளிந்திருந்தது; அண்ணனான என் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா காக்கா? எவ்வளவு தூரம் ஓடித் திரிஞ்சான். கடைசியில பொம்புளட ஊட்டுக்குத்தானே வந்தான். செருப்பையும் கழட்டி வச்சிட்டுப் போறான்."

மச்சான் இதற்குள் விழித்திருந்தார். "எந்த ஊடு? அது மையத்து அடக்குற கபுறு."

"நீங்க தூங்கினீங்க."

"கடைசியப் பாத்தன். சுவரும் இல்ல, கூரையும் இல்ல, உள்ளுக்குப் போனவன் திரும்பி வரல்ல. அதுக்குப் பேர் கபுறு."

"மாப்புள பொம்புளட ஊட்டுக்குப் போனாலும் திரும்பி வாறல்லதானே" என்றார் ராத்தா. "நம்மட தம்பி போனானே, வந்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மருமகள் மட்டும் வயர்களைச் சுருட்டத் தொடங்கியிருந்தாள். ஆனால் ஊடா கபுறா என்ற வாக்குவாதம் நிற்கவில்லை. தங்கச்சிக்கு அது கதையின் முடிவு மட்டுமல்ல. ஊடு என்றால் நான் மறுநாள் தொலைபேசியில் ஓம் என்று சொல்வேன். மச்சான் விளையாட்டுக்குச் சொல்கிறார், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார். கடைசியில் ராத்தாதான் வழி சொன்னார்.

"படத்துக்குச் சொந்தக்காரன் கொழும்புல இரிக்கான். கேட்டா முடிஞ்சிது."

மருமகள் வேண்டாமென்றாள். நேரமாகிவிட்டது என்றாள், அவர் சாப்பிடுவார் என்றாள். "ஒனக்கு எப்புடித் தெரியும் அவர் சாப்புடுற நேரம்?" என்று ராத்தா கேட்டதும் குனிந்து வயரைச் சுருட்டினாள். தங்கச்சி தன் போனிலிருந்து அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, ஒங்கட படத்தப் பாத்தம்."

"உண்மையாவா மாமி? முழுக்கவுமா?"

"முழுக்கவும். சமைக்க ஏலுமான சாமானா இரிந்தா சமைச்சி அனுப்பியிருப்பன்."

அவர் சிரித்தார். சிரிப்பில் பயம் கலந்திருந்தது. பிறகு தெளிவான குரலில், "அந்தக் கேள்வி சாப்பாட்டப் பத்தினது எண்டு போற வழியில உம்மா சொன்னாங்க மாமி. எனக்கு வெக்கமாப் போச்சு" என்றார்.

ராத்தா போனுக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, "தம்பி, அந்தப் பொம்புள மவுத்தானவதானே?" என்றார்.

"எனக்கும் தெரியா. பல தரம் பாத்திட்டன். ஒவ்வொரு தரமும் வேற மாதிரி விளங்குது."

"நாங்க ஒரே தரத்துல விளங்கிட்டம்" என்றார் ராத்தா.

தங்கச்சி அவரை விலக்கிவிட்டுத் தன் கேள்வியைக் கேட்டாள். "கடைசியில, வாங்க, இதுதான் எண்ட ஊடு எண்டு அவ சொல்லக்குள்ள அவன் ஏன் அழுறான் தம்பி? சந்தோசத்துலயா?"

"எந்த இடம் மாமி? அவ அப்புடிச் சொல்லல்லயே. நான் இதோட நிக்கன் எண்டுதானே சொல்றா. ஊடுங்கிற சொல்ல அவ முந்தியே மறந்திட்டா. அதாலதான் அவன் அழுறான். அவளுக்குச் சொல்லத் தெரியல்ல எண்டு." சற்றுப் பொறுத்து, "யாரும் மாத்தி வாசிச்சிட்டாங்களோ தெரியா" என்று சேர்த்தார்.

தங்கச்சி போனைக் கையில் வைத்தபடியே மகளைப் பார்த்தாள். மருமகள் சுருட்டிய வயரை விரித்து மறுபடி சுருட்டினாள்.

"ஊடு எண்ட சொல்ல நீதான் சேத்தாயா?"

"ஓம் உம்மா."

"ஏன் புள்ள?"

"ஊடு வந்தா உங்களுக்குப் புடிக்கும். அவரையும் புடிக்கும்."

மச்சான் எழுந்து உட்கார்ந்தார். மல்டிமீடியாவின் விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சுவரில் நீல நிறச் சதுரம் நின்றது. போனுக்குள்ளிருந்து அவர், "ஹலோ? மாமி?" என்றார்.

தங்கச்சி போனை வாய்க்கு நேராகப் பிடித்தாள். "தம்பி, கலியாணம் முடிஞ்சா நீங்க எங்க இரிப்பீங்க?"

மச்சான் கையை நீட்டித் தடுக்கப் போனார். அதற்குள் கேள்வி போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் ஒரு மாப்பிள்ளையிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"கொழும்புலதான் மாமி" என்றார் அவர். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் தடுமாறவில்லை. "வேலை அங்கதான். அவங்களையும் கூட்டிட்டுப் போகத்தான் விருப்பம், அவங்க வந்தா. லீவுக்கு லீவு வருவம், நோன்புக்கு வருவம். இதச் சொல்லணும் எண்டுதான் அண்டைக்கு வந்தன். நீங்களா கேட்டா மட்டும் சொல்லு எண்டு உம்மா சொல்லியிரிந்தாங்க. நீங்க கேட்டது விருப்பத்த மட்டும்தான்."

"விருப்பத்தக் கேட்டா விருப்பத்தச் சொல்லியிரிக்கலாம்தானே" என்றார் ராத்தா.

"படத்தச் சொன்னன்" என்றார் அவர்.

தங்கச்சி, "சரி தம்பி. சாப்பாடு ஆறிடும், சாப்புடுங்க" என்று சொல்லி நிறுத்தினாள்.

பிறகு அவள் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஒனக்கு?"

"எனக்குப் போகணும் உம்மா." மருமகள் இதைச் சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. "அங்கயும் பள்ளிக்கூடம் இரிக்கி. இடமாத்தம் கேக்கலாம். நீங்க வேணாம் எண்டா போகல்ல. ஆனா நீங்க கேட்டா, எனக்குப் போகணும்."

"நீயும் எனக்கிட்ட ஒருக்காவும் சொல்லல்ல."

"நீங்களும் கேக்கல்ல."

தங்கச்சி எழுந்து பாயைச் சுருட்டினாள். ஒரு பக்கம் மச்சான் இன்னும் உட்கார்ந்திருந்ததால் அவர் எழும்பும் வரை பாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் எழும்பினார். "அப்ப இந்த ஊட்ட என்ன செய்யிற?" என்றார். கேட்டவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டது போல இருந்தது.

"கட்டின ஊடு கட்டினபடி இரிக்கும்" என்றாள் அவள்.

ராத்தா ஃபிளாஸ்க்கைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்து, மிச்சம் இருந்த பிளேன்ரீயைத் தங்கச்சிக்கு ஊற்றிக் கொடுத்தார். அவள் நின்றபடி குடித்தாள். மருமகள் மல்டிமீடியாவை அணைத்ததும் மண்டபம் இருண்டது. வெளியே போட்டிருந்த பல்பின் வெளிச்சம் நிலையின் வழியாக நிலத்தில் நீளமாக விழுந்தது. கதவில்லாத நிலை மணலில் நின்ற கதவை ஞாபகப்படுத்தியது. நான் அதைச் சொல்லவில்லை. ராத்தா சொன்னார்.

"அந்தப் படத்துல கதவு இரிந்திச்சி, ஊடு இல்ல. இஞ்ச ஊடு இரிக்கி, கதவு இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

புறப்படும்போது தங்கச்சியிடம், "நாளைக்கு நான் என்ன சொல்லுற?" என்று கேட்டேன். அவள் வெற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "காலையில போன்ல கோல் எடுக்கிறன் காக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்தேன். மனைவியின் காய்ச்சல் இறங்கியிருந்தது. படம் எப்படி என்று கேட்டாள். நீளம் என்றேன். கதை என்ன என்றாள். சொல்லத் தொடங்கி, காருக்குள் மழை பெய்த இடத்துக்கு வந்ததும், "குடைய வச்சிரிந்தவ கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். நான் வழக்கம்போல நாட்குறிப்பில் அன்றைய குறிப்பை எழுதினேன். படத்தைப் பற்றி எழுத அதிகம் இருக்கவில்லை. சூரியன் பக்கம் மாறியதை எழுதினேன். அந்தப் பெண் குடையை விரித்த காட்சியையும் எழுதினேன், அது எனக்குப் பிடித்திருந்ததால். தொலைபேசியில் தங்கச்சி, ராத்தா, மாப்பிள்ளை மூவரும் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். யார் சொன்னது சரி என்று எழுதவில்லை.

ஒன்றை எழுதலாமா என்று யோசித்தேன். நான் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளில் என் உம்மாவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்னுடைய உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்துத் தந்தார், அவ்வளவுதான். நடந்து போகக்கூடிய தூரம். ஆனாலும் அது வேறு வீடு. அதை எழுதாமல் விளக்கை அணைத்தேன்.

13, ஞாயிற்றுக்கிழமை. சுபஹுத் தொழுது பள்ளிவாசலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது. தங்கச்சி.

"காக்கா, தச்சர் கதவக் கொண்டு வாறாராம். நீங்க வரக்குள்ள ஒரு ஆமைப்பூட்டு வாங்கிட்டு வாங்க. நல்லதா. உப்புக்காத்துக்குத் துருப்புடிக்காததா."

"வெளியாலயா?"

"வெளியாலதான். உள்ளால தாழ்ப்பாளும் இரிக்கட்டும், வந்து நிக்கிற நாளைக்கு." பிறகு, "சாவி ரெண்டு கொழும்புக்குக் கொடுப்பம். ஒண்டு எனக்கிட்ட. காத்துப் படத் தொறந்து போடணும்தானே" என்றாள்.

"அப்ப லுஹருக்குப் பொறகு?"

"ஓம் எண்டு சொல்லுங்க. கணவாயா இறைச்சியா எண்டும் கேளுங்க. அத மாப்புளட உம்மாக்கிட்டக் கேளுங்க, அவருக்கிட்ட இல்ல."

கடை அந்த நேரத்துக்குத் திறந்திருக்காது. மாதுளைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றாமலே, அளவு நாடாவையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு தங்கச்சியின் வளவுக்குப் போய், நிலையின் வெளிப்பக்கத்தில் கொண்டி அடிக்க வேண்டிய உயரத்தை அளந்து குறித்தேன்.